எதிரில் வருபவரின் கண்

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது அப்பாவின் பிக்கப், முன்சக்கரம் ஒன்றைக் கால்வாயில் விட்டுக்கொண்டு சாய்ந்து நின்றது.

காராங்கான் பக்கம் எங்களுக்கு ஐந்து ஏக்கர் செம்பனை இருக்கிறது. வெட்டிய குலையை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ஆலைக்குச் சேர்க்காவிட்டால் எண்ணெயின் தரம் இறங்கும். அதனால் மழையானாலும் இருட்டானாலும் அன்றே ஏற்றியாக வேண்டும். அன்று ஏற்றி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தோட்டத்துப் பாதையில் கால்வாயைக் கடக்கும் சிறு பாலம் ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் தடுப்பு கிடையாது. "பாலம் எங்க முடியுதுன்னு தெரியலை பாப்பா" என்றார் அப்பா. அவருக்கு அறுபத்தெட்டு வயது. அடி எதுவும் படவில்லை. ஆனால் புக்கிட் மெர்தாஜாம் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, தட்டில் இருந்த சோற்றை அவர் பிசைந்துகொண்டே இருந்ததைப் பார்த்தேன். மறுநாளே பிக்கப்புக்குக் கூடுதல் விளக்கு பூட்டுவதென்று முடிவு செய்துவிட்டேன்.

நம் ஊரில் இருந்து கூலிம் போகும் சாலையில் ஒரு மணி நேரம் நின்றால் போதும். ஹைலக்ஸ், டிரைட்டன், ரேஞ்சர், டி-மேக்ஸ் என்று வரிசையாகப் போகும். பாதி வண்டிகளின் தலையில் நீளமாக ஓர் எல்இடி பார் இருக்கும். அதையே நானும் கேட்டேன். கடைத் தவுக்கே என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எவ்வளவு தூரம் பார்க்கணும்?" நான் சொன்ன பதில், "நல்லா வெளிச்சமா இருந்தாப் போதும் அங்கிள்." கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் வேறெதையோ சொன்னால் வானொலியில் நேயரைத் திருத்துவேன். கடையில் என்னைத் திருத்த ஆள் இல்லை. ஐம்பது அங்குல பார், கூரைமேல் ஒரு மணி நேரத்தில் ஏறிவிட்டது.

முதல் இரவு தோட்டப் பாதை பட்டப்பகலாக இருந்தது. அப்பா சிரித்தார். இரண்டாவது நாள் அவரே ஒரு குறையும் சொன்னார். "நீ வாங்கிக் குடுத்த லைட்டைப் போட்டா, நீ பேசுறது கேக்க மாட்டேங்குது." நம்பாமல் நானும் உட்கார்ந்து பார்த்தேன். உண்மைதான். விசையை அழுத்தியதும் வானொலியில் இரைச்சல் மட்டுமே மிஞ்சியது. எல்இடி விளக்குக்குள் மின்சாரத்தை நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டிவெட்டி அனுப்பும் சிறு சுற்று ஒன்று இருக்கிறது. மலிவான விளக்குகளில் அதற்குச் சரியான வடிகட்டியோ உறையோ இருக்காது. அதுவே ஒரு குட்டி ஒலிபரப்பு நிலையமாகி, பக்கத்தில் இருக்கும் ஏரியலை நிரப்பிவிடுகிறது.

மூன்றாவது வாரம் நல்ல மழை. பாரைப் போட்டேன். முன்னால் ஒரு வெள்ளைச் சுவர் எழுந்தது. பாதை இருந்ததைவிட மோசமாகத் தெரிந்தது.

இதையெல்லாம்கூடச் சிறு குறையென்று விட்டிருப்பேன். அந்த மாத இறுதியில் நடந்ததை விட முடியவில்லை.

நான்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். தோட்டப் பாதை முடிந்து பெரிய சாலைக்கு ஏறும்போது பாரை அணைக்க மறந்துவிட்டேன். எதிரே ஒரு மோட்டார் வந்தது. கொஞ்சம் ஆடியது, இன்னும் கொஞ்சம் ஆடியது, ஓரத்து லாலான் புல்லுக்குள் போய்ப் படுத்துவிட்டது. இறங்கி ஓடினேன். அப்பா வயதுப் பெரியவர். ஜாகா வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. என்னைத் திட்டவில்லை. "ரோடு எங்க இருக்குன்னே தெரியலைம்மா" என்று மட்டும் சொன்னார். கிளினிக்குக்குப் போகும் வழியெல்லாம் அவருக்கு வேலைக்குத் தாமதமாகிறதே என்றுதான் கவலை.

பாலம் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை என்றார் ஒருவர். சாலை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்றார் இன்னொருவர். ஒரு பெரியவருக்குக் கண் தெரியட்டும் என்று வாங்கிய விளக்கால் இன்னொரு பெரியவரின் கண்ணை மறைத்திருக்கிறேன்.

கூசிய கண் மீண்டும் இருட்டுக்குப் பழகச் சில நொடிகள் ஆகும். வயதானவர்களுக்கு இன்னும் கூடுதலாக ஆகும். கண்ணின் வில்லை மங்க மங்க, உள்ளே நுழையும் ஒளி சிதறிப் பரவுகிறது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மோட்டார் நொடிக்குப் பதினேழு மீட்டர் போகும். ஐந்து நொடி என்றால் எண்பது மீட்டருக்கு மேல். அவ்வளவு தூரம் அவர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதாகத்தான் அர்த்தம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அல்மாவில் எங்கள் பழைய போர்மேன் அண்ணனிடம் பிக்கப்பை விட்டேன். பாரைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, தவுக்கே கேட்ட கேள்வியையே அவரும் கேட்டார். இந்த முறை யோசித்துச் சொன்னேன். அப்பா தோட்டத்துக்குள் இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போவதில்லை. அவருக்கு அரை மைல் தள்ளி நிற்கும் மரம் வேண்டாம். முன்னால் இருபது முப்பது மீட்டரும், பாதையின் இரண்டு ஓரங்களும் தெரிந்தால் போதும்.

இந்தப் பதில் கிடைத்துவிட்டால் விளக்கைத் தேர்ந்தெடுப்பது பாதி முடிந்துவிடும். பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் லூமன் என்பது விளக்கில் இருந்து எல்லாப் பக்கமும் கிளம்பும் ஒளியின் மொத்தக் கணக்கு. நமக்குத் தேவையான இடத்தில் எவ்வளவு விழுகிறது என்பது வேறு கணக்கு. அதற்கு லக்ஸ் என்று பெயர். தூரம் இரு மடங்கானால் விழும் ஒளி நான்கில் ஒரு பங்காகும். ஒளியைக் குறுக்கி நீட்டும் விளக்கு 'ஸ்பாட்'. அது வேகமாக ஓடும் வண்டிக்கு. அகலமாகப் பரப்பும் விளக்கு 'ஃபிளட்'. அது மெதுவாக ஊர்ந்து போகிறவர்களுக்கு. அப்பாவுக்கு வேண்டியது இரண்டு சிறிய ஃபிளட். கூரையில் வேண்டாம், பம்பர் உயரத்தில்.

ஏன் தாழ்வாக? கூரையில் இருந்து விழும் ஒளி முதலில் நம் பானட்டில் பட்டு நம் கண்ணுக்கே திரும்புகிறது. மழைத்துளியில் பட்டதும் திரும்புகிறது. நான் பார்த்த வெள்ளைச் சுவர் அதுதான். இன்னொன்றும் உண்டு. கண்ணும் விளக்கும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருந்தால் குழியின் நிழல் நமக்குத் தெரியாது. பள்ளமும் மேடும் தட்டையாகத் தோன்றும். தாழ்வான விளக்கு ஒவ்வொரு குழிக்கும் ஒரு நிழலைப் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும்.

நிறத்தைப் பற்றியும் கேட்டேன். மஞ்சள் ஒளி பனியைத் துளைக்கும் என்று சிறு வயதில் இருந்து கேட்டிருக்கிறோம். பிரான்சில் 1993 வரை கார்களின் முன்விளக்கே மஞ்சளாகத்தான் இருந்தது. ஆனால் பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது. அது எந்த நிறத்தையும் ஒன்றுபோலத்தான் சிதறடிக்கும். நீலம் கலந்த வெள்ளை கண்ணை அதிகம் கூசவைக்கும் என்பது வேறு விஷயம். அதனால் சற்று மஞ்சள் கலந்ததையே எடுத்தோம். தூசியும் தண்ணீரும் புகாமலிருக்க ஐபி67 என்று குறித்திருப்பதாகவும் பார்த்தோம். அதில் 6 தூசிக்கு. 7 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும்.

பிறகு வயர். முன்பு பூட்டியவர் பழைய முன்விளக்கு வயரையே உரித்து முறுக்கிவிட்டிருந்தார். ஃபியூஸ் இல்லை. "வண்டி எரியாம இருந்ததே பெரிசு" என்றார் அண்ணன். 120 வாட் விளக்கு 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும். டாஷ்போர்டில் இருக்கும் சின்ன விசை வழியாக அவ்வளவையும் விடக்கூடாது. அதற்குத்தான் ரிலே. அதன் அடியில் நான்கு எண்கள் இருக்கும். 30 பேட்டரியில் இருந்து வருவது, 87 விளக்குக்குப் போவது, 86 விசையில் இருந்து வருவது, 85 எர்த். பேட்டரியை ஒட்டியே 15 ஆம்பியர் ஃபியூஸ். எர்த் வயரைப் பெயிண்டைச் சுரண்டிய வெற்று இரும்பில் இறுக்க வேண்டும்.

இதில் ஒன்றை மட்டும் நான் கேட்டு மாற்றினேன். 86-க்கு வரும் வயரை நேராகப் பேட்டரியில் இருந்து எடுக்காமல், ஹைபீம் வயரில் இருந்து விசை வழியாக எடுக்கச் சொன்னேன். இப்போது ஹைபீம் எரிந்தால்தான் கூடுதல் விளக்கும் எரியும். எதிரே வண்டி வந்தால் கை தானாக ஹைபீமை இறக்கும். கூடவே அவையும் அணைந்துவிடும். இனி என் ஞாபகத்தை நம்பி இன்னொருவர் மோட்டார் ஓட்ட வேண்டியதில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டமும், 1959-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன விதிகளும் வண்டியின் விளக்குகளைக் கட்டுப்படுத்துகின்றன. விருப்பப்படி விளக்கைக் கூட்டிப் பொதுச் சாலையில் எரியவிட்டால் ஜேபிஜே சம்மன் கொடுக்கும். எதையும் பூட்டுவதற்கு முன் ஜேபிஜேயிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் விளக்குகளுக்குக் கறுப்பு மூடி வாங்கினோம். தோட்டத்து வாசலில் கழற்றுவார் அப்பா. திரும்பும்போது மாட்டிவிட்டுத்தான் சாலைக்கு ஏறுவார். லூயிஸ் வீ 1997-இல் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டியில் கூரை நிறைய விளக்கோடு வண்டிகள் வரும். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே நடுக்காட்டில் ஜாகா வேலைக்குப் போகிறவர் யாரும் எதிரே வருவதில்லை.

முதலில் செய்திருக்க வேண்டிய வேலையை எல்லாம் முடிந்த பிறகுதான் செய்தோம். பத்து வயதைத் தாண்டிய பிக்கப்பின் முன்விளக்குக் கண்ணாடி வெயிலில் மஞ்சளாகி மங்கியிருந்தது. உண்மையில் அது கண்ணாடியல்ல, பாலிகார்பனேட். அண்ணன் தண்ணீர் ஊற்றித் தேய்த்துப் பாலிஷ் போட்டார். பழைய பல்புகளை மாற்றி, அதே 60/55 வாட் எச்-4 பல்புகளைப் போட்டார். பிறகு சுவருக்குப் பத்து மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, தாழ்ஒளியின் மேல்கோடு விளக்கின் உயரத்தைவிடப் பத்து சென்டிமீட்டர் கீழே விழும்படி திருகினார். குலை ஏற்றினால் பிக்கப்பின் பின்புறம் தாழ்ந்து முன்புறம் வானம் பார்க்கும். அப்போது தாழ்ஒளியும் எதிரே வருபவரின் கண்ணுக்கே போகும். அதை இறக்குவதற்கென்று ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சிறு சக்கரம் இருக்கிறது. இத்தனை வருடமாக அதை யாரும் தொட்டதில்லை. கூடுதல் விளக்கைப் போடாமலே பாதை பாதிக்கு மேல் தெளிவாகிவிட்டது.

ஊடகவியல் படிக்கும்போது கிளாட் ஷானன் 1948-இல் எழுதிய கட்டுரையைப் பற்றி விரிவுரையாளர் பாடம் எடுப்பார். செய்தி, அது போகும் வழி, வழியில் சேரும் இரைச்சல், மறுமுனையில் கேட்பவர். பரீட்சைக்கு எழுதி நல்ல புள்ளியும் வாங்கினேன். மறுமுனையில் ஒருவர் இருக்கிறார் என்பதை நினைத்துப் பார்க்க, எனக்கு லாலான் புல்லில் கிடந்த ஒரு மோட்டார் தேவைப்பட்டது.

பெரியவரைப் போன வாரம் போய்ப் பார்த்தேன். முழங்கை ஆறிவிட்டது. மோட்டாரின் முன்விளக்குக் கண்ணாடி மங்கியிருந்தது. அதையும் போர்மேன் அண்ணனிடம் கொண்டுபோய்த் தேய்த்துக் கொடுத்தேன்.

அப்பா இப்போது விளக்கையும் போடுகிறார், வானொலியையும் போடுகிறார். இந்த விளக்கில் இரைச்சல் இல்லை. நேற்று ஸ்டூடியோவில் இருந்து வெளியே வந்ததும் போனில் கூப்பிட்டார். "எல்லாம் நல்லாக் கேட்டுச்சு பாப்பா. நடுவுல கொஞ்சம் வேகமாப் பேசிட்டே" என்றார்.