ஓதக்குள்ள வருது, பேசக்குள்ள வராதா?

"ஓதக்குள்ள நல்லா வருது, பேசக்குள்ள மட்டும் கொன்னுதா? வேணுமெண்டுதான் செய்யிறான்." மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று எங்கள் கரையோர ஊர்களில் நான் பல தடவை கேட்ட தீர்ப்பு இது. வாப்பாமார் சொல்கிறார்கள், மூத்தம்மாமார் சொல்கிறார்கள், ஓதிக்கொடுப்பவர்களும் சொல்கிறார்கள். முழுப் பிழை.

என் ராத்தாவின் மகனுக்கு அப்போது ஐந்து வயது. மஃரிபுக்குப் பிறகு மதரசாவில் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து ஸூரா ஓதினால் ஒரு தடங்கலும் இராது. வீட்டுக்கு வந்து 'மூத்தம்மா' என்று கூப்பிட வாயெடுத்தால் உதடு ஒட்டிக்கொள்ளும். கண்ணை இறுக மூடுவான், விரல் சாரன் நுனியைத் திருகும். அதற்குள் யாராவது அந்தச் சொல்லை முடித்துவிடுவார்கள். சில நாளில் அவன் 'மூத்தம்மா'வையே விட்டுவிட்டு 'இஞ்ச' என்று கூப்பிடத் தொடங்கினான். ஐந்து வயதில் சொல்லுக்குப் பயந்து ஒதுங்கப் பழகிவிட்டான்.

கூட்டாக ஓதும்போதும் பாடும்போதும் கொன்னை மறைவது நடிப்பல்ல. உலகெங்கும் கொன்னுகிறவர்களில் பெரும்பாலானோருக்கு அப்படித்தான். பக்கத்துக் குரல்கள் தாளம் பிடித்துக் கொடுக்கின்றன, மனனமான வரியில் அடுத்த சொல்லைத் தேடவும் வேண்டியதில்லை. பேச்சில் எல்லாவற்றையும் அவனே தனியாகச் செய்யவேண்டும்.

பயந்ததாலோ இன்னொருவரைப் பார்த்துப் பழகியதாலோ கொன்னை வருவதில்லை. பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்கும், குடும்ப வழியாகவும் வரும். 2010இல் பாகிஸ்தானியக் குடும்பங்களை ஆராய்ந்து அதோடு தொடர்புள்ள மரபணு மாற்றங்களையே கண்டுபிடித்தார்கள். நூறு பிள்ளைகளில் ஐந்து பேரளவில் கொன்னுகிறார்கள், அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தானாகவே நீங்கிவிடும். ஆனால் ஒரு வருடம் தாண்டியும் தொடர்ந்தால் 'வளரச் சரியாகும்' என்று இருந்துவிடாதீர்கள். ஆண்பிள்ளை என்றால் இன்னும் கவனம் வேண்டும். பேச்சுச் சிகிச்சைக்கென்றே களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவபீடத்தில் படித்து வெளிவந்தவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள்.

நாவின் முடிச்சை அவிழ்த்துவிடும்படி மூஸா நபி துஆக் கேட்டதை மிம்பரில் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அவருடைய பேச்சைக் குத்திக்காட்டியவன் பிர்அவ்ன். திக்கித் திணறி ஓதுகிறவருக்கு இரட்டை நன்மை என்ற ஹதீஸும் தெரியும். இவ்வளவும் தெரிந்துகொண்டு, பிள்ளையைத் தனியாக எழுப்பி நிறுத்தி, கொன்னினால் பிரம்பால் தட்டுவது எந்த மார்க்கம்?

'மூச்செடுத்துச் சொல்லு' என்ற புத்திமதியும் வேண்டாம். அவன் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தால் போதும். ராத்தா வீட்டில் அப்படிக் காத்திருக்கப் பழகிய பிறகு ஒருநாள், 'மூ... மூ...' என்று நின்றான். அவனுடைய மூத்தம்மாவான எங்கள் உம்மா கையிலிருந்த தேங்காய்ப்பாதியைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல் முழுதாக வந்து சேரும்வரை வாய் திறக்கவில்லை.