27, 27, 27... சென்னையின் எஃப்.சி-யின் 11 சீசன் மார்க் ஷீட் என்ன சொல்லுது?

"உன் டீம் எது?"

தரமணி ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் போன வாரம் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்டவர் மேல் மான்செஸ்டர் யுனைடெட் ஜெர்ஸி. பக்கத்தில் நின்றவர் ஆர்சனல். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் லிவர்பூல். சுற்றிலும் ஐ.டி கம்பெனிகள் இருக்கும் ஏரியா இது. திங்கட்கிழமை காலையில் டீயோடு சேர்த்து இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கையும் ஆற்றிக் கொடுப்பார்கள்.

"சென்னையின் எஃப்.சி" என்றேன்.

இரண்டு நொடி அமைதி. அப்புறம் ஆர்சனல்காரர் ரொம்ப அக்கறையாகக் கேட்டார். "அது இன்னும் இருக்கா?"

கிண்டல் இல்லை மக்களே, நிஜமான சந்தேகம். அதனால்தான் கொஞ்சம் அதிகமாகவே வலித்தது. பதில் சொல்லாமல் ஆபீஸுக்கு வந்துவிட்டேன். அன்று ராத்திரி வீட்டில் அப்பாவின் பழைய பால் கணக்கு நோட்டைத் தேடி எடுத்தேன்.

அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில், 2014-லிருந்து ஒவ்வொரு சீசன் முடிந்ததும் அப்பா ஒரு வரி எழுதுவார். எத்தனையாவது இடம், எத்தனை ஆட்டம், எத்தனை புள்ளி. அவ்வளவுதான். பால் கணக்கு எப்போதோ நின்றுவிட்டது. இந்தக் கணக்கு நிற்கவில்லை. அதை அப்படியே உங்களுக்குத் தருகிறேன்.

2014 – 1-வது இடம் – 14 ஆட்டம் – 23 புள்ளி
2015 – 3-வது இடம் – 14 ஆட்டம் – 22 புள்ளி – சாம்பியன்
2016 – 7-வது இடம் – 14 ஆட்டம் – 15 புள்ளி
2017-18 – 2-வது இடம் – 18 ஆட்டம் – 32 புள்ளி – சாம்பியன்
2018-19 – 10-வது இடம் – 18 ஆட்டம் – 9 புள்ளி
2019-20 – 4-வது இடம் – 18 ஆட்டம் – 29 புள்ளி – ரன்னர் அப்
2020-21 – 8-வது இடம் – 20 ஆட்டம் – 20 புள்ளி
2021-22 – 8-வது இடம் – 20 ஆட்டம் – 20 புள்ளி
2022-23 – 8-வது இடம் – 20 ஆட்டம் – 27 புள்ளி
2023-24 – 6-வது இடம் – 22 ஆட்டம் – 27 புள்ளி
2024-25 – 11-வது இடம் – 24 ஆட்டம் – 27 புள்ளி

லீக் சுற்றில் மட்டும் மொத்தம் 202 ஆட்டங்கள். வெற்றி 65, டிரா 56, தோல்வி 81. ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் அதிகம். ஆனாலும் இரண்டு கோப்பை! எப்படி என்று கேட்கிறீர்களா?

முதலிடம் வந்தும் கப் இல்லை

இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் கணக்கு சுலபம். சீசன் முடியும்போது பட்டியலில் யார் முதலில் இருக்கிறார்களோ அவர்கள் சாம்பியன். நம்ம ஐ.எஸ்.எல்-லில் 2024-25 வரைக்கும் லீக் சுற்று முடிந்த பிறகு அரையிறுதி, இறுதிப்போட்டி எல்லாம் இருந்தன. வருஷம் முழுக்க நல்லா படித்தாலும், கடைசி நாள் தேர்வில் சறுக்கினால் எல்லாம் போச்சு.

2014-ல் அதுதான் நடந்தது. இத்தாலியின் உலகக் கோப்பை நாயகன் மார்கோ மடராசி பயிற்சியாளர். பிரேசிலின் எலானோ 8 கோல் அடித்து அந்த சீசனின் டாப் ஸ்கோரர். பட்டியலில் முதலிடம். ஆனால், அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் 0-3. அடுத்த ஆட்டத்தில் சென்னை மூன்று கோல் அடித்துச் சமன் செய்ய, எக்ஸ்ட்ரா டைம் முடியப்போகும் நேரத்தில் கேரளா ஒரு கோல் அடித்தது. மொத்தக் கணக்கில் 3-4. கோப்பையைக் கொல்கத்தா அணி தூக்கியது. அவர்கள் லீக் சுற்றில் எத்தனையாவது தெரியுமா? மூன்றாவது!

அடுத்த வருஷம் அதே அதிர்ஷ்டம் நம் பக்கம் திரும்பியது.

வெள்ளத்துக்கு நடுவே ஒரு கோப்பை

2015 சீசனில் 10 ஆட்டம் முடிந்தபோது சென்னைக்கு வெறும் 10 புள்ளி. கடைசி இடம். மிச்சமிருந்தது நான்கே ஆட்டங்கள். நான்கையும் ஜெயித்து மூன்றாவது இடத்துக்கு வந்தார்கள்.

அப்போதுதான் டிசம்பர் வெள்ளம். எங்கள் தெருவில் முட்டிவரை தண்ணீர். வீட்டுக்குள் தண்ணீர் நுழைவதற்குள் அம்மா அரிசி மூட்டையைப் பரணில் ஏற்ற, அப்பா டிவியை ஏற்றினார். ஊரே தத்தளித்ததால் நேரு ஸ்டேடியத்தில் நடக்கவேண்டிய அரையிறுதி புனேவுக்கு மாற்றப்பட்டது. சொந்த ஊர் மேட்ச்சை வெளியூரில் ஆடி, கொல்கத்தாவை 3-0 என்று ஜெயித்தார்கள். அடுத்த ஆட்டத்தில் 1-2 என்று தோற்றும் ஃபைனலுக்குப் போய்விட்டார்கள்.

டிசம்பர் 20. கோவாவில் ஃபைனல், எதிரணியும் கோவாதான். பரணிலிருந்து டிவி இறங்கியது. சுவரில் தண்ணீர் நின்ற கறை இன்னும் காயவில்லை. 87-வது நிமிஷத்தில் கோவா 2-1 என்று முன்னிலை எடுத்தது. அப்பா எதுவும் பேசாமல் எழுந்து, குடத்தை எடுத்துக்கொண்டு லாரித் தண்ணீர் பிடிக்கக் கிளம்பினார். அவர் வாசலைத் தாண்டுவதற்குள் கோவா கோல்கீப்பர் கட்டிமணியின் சேம் சைடு கோல், 2-2. இஞ்சுரி டைமில் மெண்டோசா அடிக்க, 3-2! அந்த சீசனில் மெண்டோசாவுக்கு அது 13-வது கோல். டாப் ஸ்கோரரும் அவர்தான்.

அப்பா குடத்தோடு திரும்பி ஓடிவந்தது எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. அந்த மாசம் எங்கள் வீட்டில் யாராவது சிரித்தார்கள் என்றால், அது அந்த ஒரு ராத்திரிதான்.

நோட்டில் அந்த வரிக்கு '22 புள்ளி' என்று மட்டும்தான் இருக்கிறது.

8, 8, 8... அப்புறம் 27, 27, 27

2017-18 சீசனில் இரண்டாவது கோப்பை. ஒருகாலத்தில் இங்கிலாந்தின் ஆஸ்டன் வில்லாவுக்கு மேனேஜராக இருந்த ஜான் கிரிகோரி பயிற்சியாளர். ஃபைனல் பெங்களூரில், பெங்களூருக்கு எதிராக. சுனில் சேத்ரி 9-வது நிமிஷமே கோல் போட்டார். மைல்சன் ஆல்வெஸ் இரண்டு, ரஃபேல் அகஸ்டோ ஒன்று என்று திருப்பிக் கொடுத்து, மறுபடி 3-2.

அடுத்த சீசனில் அதே பயிற்சியாளர், 18 ஆட்டத்தில் இரண்டே வெற்றி, 13 தோல்வி, கடைசி இடம். அதற்கடுத்த சீசனில் முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. கிரிகோரி விலக, ஓவன் காயில் வந்து அதே அணியை ஃபைனலுக்கு இழுத்துப் போனார். 2020 மார்ச் 14, கொரோனா பயத்தில் ரசிகர்களே இல்லாத காலி மைதானத்தில் ஏ.டி.கே-விடம் 1-3 என்று தோற்றார்கள்.

அதற்குப் பிறகுதான் இந்த நோட்டின் சுவாரஸ்யமான பகுதி. பார்த்தால் சலிப்பான எண்கள். 20, 20, 27, 27, 27. கொஞ்சம் உற்றுப் பாருங்கள்.

மூன்று 27-ல் எது நல்ல சீசன்? 6-வது இடம் வந்து பிளே ஆஃபுக்குப் போன 2023-24 என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால், கிரிக்கெட்டில் மொத்த ரன்னோடு சராசரியையும் பார்ப்போம் இல்லையா? அதேபோல புள்ளியை ஆட்டங்களால் வகுத்துப் பாருங்கள். 8-வது இடம் வந்த 2022-23-ல் ஆட்டத்துக்கு 1.35 புள்ளி. 6-வது இடம் வந்த வருஷம் 1.23. 11-வது இடத்தில் 1.13. அதாவது, இடம் ஏறியபோதும் ஆட்டம் இறங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது! 27 என்ற எண் நம்மை மூன்று வருஷம் ஏமாற்றியிருக்கிறது. (ஒப்பிட்டுப் பார்க்க: சாம்பியனான 2017-18-ல் 1.78. கடைசி இடம் வந்த 2018-19-ல் 0.5.)

இரண்டு 20-களும் ஒன்று இல்லை. 2020-21-ல் வெற்றி 3, டிரா 11, தோல்வி 6. 2021-22-ல் வெற்றி 5, டிரா 5, தோல்வி 10. முதலாவது, ஜெயிக்கத் தெரியாத ஆனால் லேசில் தோற்காத அணி. இரண்டாவது, பாதி ஆட்டத்தில் தோற்ற அணி. புள்ளி மட்டும் ஒன்று.

இங்கே ஒரு இங்கிலாந்து கணக்கு உதவும். அங்கே 1981 வரை ஒரு வெற்றிக்கு 2 புள்ளிதான். டிராவுக்கு 1. அந்த வருஷம்தான் வெற்றிக்கு 3 புள்ளி என்று மாற்றினார்கள். டிராவுக்காகவே ஆடுகிறவர்களை கோல் அடிக்கத் தூண்டுவதற்காக. பழைய விதிப்படி போட்டால் நம்ம 2020-21 அணிக்கு 17, 2021-22 அணிக்கு 15. பழைய இங்கிலாந்தில் நம்ம '11 டிரா' அணிக்கு மரியாதை கூடவே கிடைத்திருக்கும். நூறு வருஷப் பட்டியலைக் காட்டி 'எங்க டீம் அப்போ இத்தனை புள்ளி' என்று யாராவது சொன்னால், எந்த விதியில் எடுத்தது என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. அந்த இரண்டு '20' சீசன்களும் கொரோனாவால் முழுக்க கோவாவிலேயே நடந்தன. இரண்டு வருஷம் நேரு ஸ்டேடியத்தில் ஒரு ஐ.எஸ்.எல் ஆட்டம்கூட இல்லை. ஸ்டேடியத்துக்குப் போகும் பழக்கம் எனக்கு விட்டுப்போனது அப்போதுதான். உங்களில் பலருக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

கடைசி இடத்தைவிட மோசமான இடம்

மான்செஸ்டர் யுனைடெட்காரருக்கு ஒரு தகவல். 1968-ல் ஐரோப்பாவின் சாம்பியனான உங்கள் அணி, 1973-74 சீசனில் முதல் டிவிஷனிலிருந்தே கீழே இறங்கியது. அடுத்த வருஷமே இரண்டாவது டிவிஷனில் முதலிடம் பிடித்துத் திரும்பியது. இங்கிலாந்தில் கடைசியில் வந்தால் அதுதான் தண்டனை. கீழே போ, ஆடி ஜெயித்து மேலே வா.

2018-19-ல் கடைசி இடம் வந்த சென்னைக்கு அப்படி எந்தத் தண்டனையும் இல்லை. ஐ.எஸ்.எல்-லில் கீழே இறக்கும் வழக்கம் அப்போது கிடையாது. அடுத்த வருஷம் அதே இடத்திலிருந்து தொடங்கினார்கள். அன்றைக்கு அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஆனால், அதே 2018-19 சீசனில் தமிழ்நாட்டில் இன்னொரு கதையும் நடந்தது. கோவையில் ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி, 43 புள்ளி எடுத்து, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தி, ஐ-லீக் சாம்பியன் ஆனது. தமிழ்நாட்டின் பெருமை என்று கொண்டாடினோம். 2020-21-க்குப் பிறகு ஐ-லீக் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. சாம்பியனாகி இரண்டே வருஷத்தில் வரிகள் முடிந்துவிட்டன.

இங்கிலாந்திலும் அதே நேரத்தில் இதேபோல ஒரு கதை. மான்செஸ்டருக்குப் பக்கத்து ஊர் பரி. அந்த ஊர் அணி 1894-ல் லீக்கில் சேர்ந்தது. 1900, 1903 என இரண்டு முறை எஃப்.ஏ கோப்பை வென்றது. 2018-19 சீசனில் நான்காவது டிவிஷனில் இரண்டாமிடம் பிடித்து மேலே ஏறியது. ஆனால், பணப் பிரச்னையால் 2019 ஆகஸ்ட்டில் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. ஜெயித்து ஏறிய அணி, அடுத்த சீசனில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. 125 வருஷப் பட்டியலில் அடுத்த வரி காலி. ரசிகர்கள் விடவில்லை. 2023-ல் அதே பெயரில், அதே மைதானத்தில், ஒன்பதாவது படியிலிருந்து மறுபடி தொடங்கினார்கள்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், அந்தக் காலி வரி நம் நோட்டிலும் எட்டிப் பார்த்தது. 2025 ஜூலையில், இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் லீக்கை நடத்தும் நிறுவனத்துக்கும் இடையிலான 15 வருஷ ஒப்பந்தம் முடியப்போகிறது என்பதால், ஐ.எஸ்.எல் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்ட்டில் சென்னையின் எஃப்.சி தன் செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்துவதாக அறிவித்தது. 2025 முடிகிற வரைக்கும் லீக் தொடங்கவே இல்லை. டீக்கடைக்காரர் கேட்ட "இன்னும் இருக்கா?" எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா?

நோட்டில் அப்பா '2025-26' என்று எழுதி, பக்கத்தில் கோடு போட்டு வைத்திருந்தார். இடம், ஆட்டம், புள்ளி எதுவும் இல்லை.

"எதுக்குப்பா முன்னாடியே எழுதி வச்சிருக்கீங்க?" என்றேன்.

"எப்பவும் செப்டம்பர்லயே எழுதிடுவேன்மா. இந்தத் தடவைதான் இவ்ளோ மாசம் காலியா கெடந்துச்சு."

"கடைசியில வந்தா என்ன பண்ணுவீங்க?"

"ஒனக்கென்ன, பத்தாவதுன்னு எழுதல? பதினொண்ணுன்னு எழுதல? எதாச்சும் ஒரு நம்பர் வரட்டும். எழுதிக்கலாம்."

8, 8, 8 என்று வந்த வருஷங்களில் நான் ஸ்டேடியத்துக்குப் போகாமல் இருந்ததற்கு 'டீம் சரியில்லை' என்பதுதான் என் காரணம். அப்பாவின் காரணம் வேறு. டீம் ஆடுகிறதா? அப்படியென்றால் கணக்கு எழுத வேண்டும். அவ்வளவுதான்.

தரமணியில் பறக்கும் ரயில் ஏறி பார்க் டவுனில் இறங்கினால் நேரு ஸ்டேடியம் நடக்கும் தூரம்தான். அடுத்த ஹோம் மேட்ச்சுக்கு நானும் அப்பாவும் போகிறோம். அந்த ஆர்சனல்காரரையும் கூப்பிட்டிருக்கிறேன். "டிக்கெட் நீங்க எடுத்தா வர்றேன்" என்றார். எடுத்தாச்சு.

உங்க வீட்டிலும் இப்படி ஒரு டீமின் கணக்கு எழுதுகிற அப்பாவோ, தாத்தாவோ, அக்காவோ இருக்காங்களா? அவங்க நோட்டில் உங்களுக்குப் பிடிச்ச வரி எதுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த வாரம் பேசுவோம்.