புகைக்கு ஒரு வழி

வானொலிக்காரி என்றால் பேசுவது மட்டும்தான் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அறுந்த ஹெட்போன் வயர், ஆடிப்போன மைக் பிளக் எல்லாவற்றையும் நானே வீட்டில் சோல்டரிங் செய்துகொள்வேன். அடுக்குமாடி வீடு. பக்கத்து அறையில் ஆஸ்துமா உள்ள அம்மா.

அந்தப் புகையில் ஈயம் இருக்கிறது என்றுதான் பொதுவாகப் பயப்படுவோம். 63/37 வெள்ளீய ஈயக் கம்பி 183 டிகிரி செல்சியஸில் உருகும். ஈயம் கொதிக்கவோ 1,700 டிகிரிக்கு மேல் வேண்டும். சோல்டரிங் இரும்பின் சூடு ஏறக்குறைய 350 டிகிரிதான். எழும் வெள்ளைப் புகை, கம்பிக்குள் இருக்கும் ரோசின் என்ற பைன் மரப் பிசினுடையது. ஆஸ்துமாவை உண்டாக்கவும் கிளறிவிடவும் கூடியது அதுதான். ஈயம் உடலுக்குள் போவது பெரும்பாலும் கை வழியாக. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும்.

புகைக்கு ஒரு பெட்டி செய்தேன். துணி வைத்திருந்த பிளாஸ்டிக் பெட்டியைப் படுக்க வைத்து, திறந்த வாய் என் பக்கம். பின்பக்கம் துளை போட்டு, பழைய கணினியின் 120 மில்லிமீட்டர் காற்றாடி. அதற்கு மின்சாரம், கழற்றிப்போட்ட ரவுட்டரின் 12 வோல்ட் அடாப்டர். காற்றாடியின் மேல் எழுதியிருக்கும் ஆம்பியருக்கு அடாப்டர் குறையக்கூடாது. துணி உலர்த்தும் இயந்திரத்தின் மடிப்புக் குழாய் புகையை ஜன்னலுக்கு வெளியே கொண்டுபோகிறது. இந்தக் காற்றாடிக்குத் தள்ளும் பலம் குறைவு. குழாய் குட்டையாக, வளைவில்லாமல் இருக்கட்டும். அடியில் மிஞ்சிய தரை ஓடு ஒன்று. சூடு பட்டு பிளாஸ்டிக் உருகாது.

காற்றாடி சுற்றினால் மட்டும் போதாது. பெட்டி வாயில் ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். புகை நேராக உள்ளே போக வேண்டும். முகத்துப் பக்கம் திரும்பினால், வாயின் மேல்பாதியை அட்டையால் மூடுங்கள். வாய் சிறுத்தால் காற்றின் வேகம் கூடும். வெளியே போகும் காற்றுக்கு ஈடாக வேறு காற்று வர, எதிர்ப்பக்க ஜன்னலையும் திறந்து வையுங்கள். குழாயின் முனை அண்டை வீட்டு ஜன்னலையோ நடைபாதையையோ பார்க்கக்கூடாது. அங்கேயும் ஓர் ஆஸ்துமாக்காரர் இருக்கலாம்.

ஸ்பிரே பெயிண்ட், தின்னர் வேலைக்கு மட்டும் இந்தப் பெட்டி வேண்டாம். அந்த ஆவி தீப்பற்றும். சாதாரணக் காற்றாடியின் ஒரு பொறி போதும்.