தூதுவர் கேட்ட கேள்வி நமக்கும் உரியது

தூதுவரின் கடமை என்னவென்று உயர்தர வகுப்பில் கேட்டால், "தன் நாட்டின் நலனைப் பேணுதல்" என்று மாணவர்கள் எழுதுவார்கள். நானும் புள்ளி வழங்குவேன். ஆனால் அந்த நலனுக்காக அநீதியைக் கண்டும் காணாதிருக்கலாமா? இந்த இடத்தில் கிரெய்க் முரேயின் கதையைச் சொல்வது என் வழக்கம்.

2002 ஓகஸ்டில் பிரித்தானியத் தூதுவராக முரே உஸ்பெகிஸ்தானுக்குச் சென்றார். ஜனாதிபதி இஸ்லாம் கரிமோவ் அமெரிக்கப் படைக்கு விமானத் தளம் வழங்கிய நேச சக்தி. அரச கட்டுப்பாட்டுக்கு வெளியே மார்க்கத்தைப் பின்பற்றியோர் ஆயிரக்கணக்கில் தீவிரவாதிகளாகச் சிறையிலிருந்தனர். ஜஸ்லிக் சிறையில் இறந்த ஒருவரின் உடலைக் காட்டும் புகைப்படங்களை முரே லண்டனுக்கு அனுப்பினார். அவை கொதிநீர் போன்ற திரவத்தில் அமிழ்த்தியதால் ஏற்பட்ட காயங்கள் என்று கிளாஸ்கோ பல்கலைக்கழக நிபுணர்கள் கூறினர்.

அதே ஒக்டோபரில், தாஷ்கண்டில் நடந்த கூட்டமொன்றில், அங்கு 7,000 முதல் 10,000 வரையான அரசியல், மதக் கைதிகள் இருப்பதாக அவர் பகிரங்கமாகச் சொன்னார்.

லண்டனுக்கு அதைவிடச் சங்கடம் தந்தது இன்னொன்று. சித்திரவதையால் கறந்த வாக்குமூலங்கள் சி.ஐ.ஏ. ஊடாகப் பிரித்தானியாவுக்குப் புலனாய்வுத் தகவலாக வருகின்றன. அவற்றை நாம் பயன்படுத்தலாமா என்று அவர் தன் அமைச்சிடமே கேட்டார். பின்னர் அவர்மீது 18 ஒழுக்காற்றுக் குற்றச்சாட்டுகள் வந்தன. அவை நிலைக்கவில்லை. ஆயினும் 2004 ஒக்டோபரில் பதவி பறிபோனது. அடுத்த ஆண்டு, வெளிநாட்டமைச்சர் ஜாக் ஸ்ட்ரோவை எதிர்த்து பிளாக்பர்ன் தொகுதியில் நின்று தோற்றார். மனித உரிமைச் செயற்பாட்டாளராக அவரது வாழ்வு அங்கிருந்து தொடர்ந்தது.

2005 டிசம்பரில், சித்திரவதையால் பெற்ற சாட்சியத்தை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்று பிரித்தானியப் பிரபுக்கள் சபையின் நீதியரசர்கள் தீர்ப்பளித்தனர். முரேக்குப் பதவி திரும்பவில்லை. ஆனால் அவர் எழுப்பியது வெறும் பிடிவாதம் அல்ல என்பது தெளிவானது.

நாமும் இதைத் தூரத்துச் செய்தியாகக் கடந்துவிட முடியாது. நமது 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தையும் சாட்சியமாக ஏற்க வழிசெய்தது. அது கட்டாயத்தின்பேரில் பெறப்பட்டது என்று நிரூபிக்கும் சுமையோ குற்றஞ்சாட்டப்பட்டவரின் தலையில். தமிழ் இளைஞர்கள் பல தசாப்தங்களாகச் சுமந்ததன் கனத்தை, 2019 க்குப் பின்னர்தான் நம்மில் பலர் உணர்ந்தோம்.

ஆகவே அச்சட்டத்துக்கு மாற்றாக எந்தப் பெயரில் எந்த வரைவு வந்தாலும், முதலில் நாம் தேட வேண்டியது அந்த வாக்குமூல ஏற்பாட்டைத்தான். தனக்குச் சம்பந்தமில்லாத சமூகத்துக்காக ஒரு தூதுவர் அதைக் கேட்டார். நமக்காகவும் பிறருக்காகவும் நாம் கேட்காதிருக்க என்ன நியாயம் இருக்கிறது?