பேச்சு அறுவது யாரால்?

வீட்டிலிருந்தபடியே உத்தியோகம் பார்க்கும் முறை 2020ஆம் வருஷத்து ஊரடங்கின்போது கட்டாயத்தினால் வந்தது. கட்டாயம் நீங்கிய பின்னும் அது முற்றிலும் மறைந்துவிடவில்லை. பெங்களூரிலும் ஓசூரிலுமுள்ள கம்பெனிகளில் வேலை பார்ப்போர் பலர் வாரத்தில் சில நாட்களேனும் சொந்த ஊரில் தங்கி உழைக்க இன்று இடமிருக்கிறது. தருமபுரி ஜில்லா பாலக்கோடு தாலூகாவைச் சேர்ந்த மாரண்டஹள்ளி போன்ற ஊர்களுக்கு இது அற்ப விஷயமன்று. மழை பொய்த்தால் பிழைப்பைத் தேடி வெளியூர் போவது அந்தச் சீமையின் பழைய துயரம். படித்த பிள்ளை பெற்றோருடன் இருந்துகொண்டே சம்பாதிப்பதென்பது அத்துயரத்துக்கு ஒரு மாற்று. ஆனால் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்டர்நெட் வழியான டெலிபோன் பேச்சு திடீரென்று அறுந்துபோகுமானால், அந்த மாற்று நிலைக்காது.

பேச்சு அறுந்தால் நஷ்டம் யாருக்கு? மேலதிகாரி ஒரு முறை பொறுப்பார். இரு முறை பொறுப்பார். மூன்றாம் முறை, “நாளை முதல் ஆபீசுக்கே வந்துவிடு” என்று சொல்லிவிடுவார். பழுது கம்பியிலிருந்தாலும் அவப்பெயர் ஊழியருக்கே. கம்பெனியாரைக் கேட்டால், “உங்கள் வீட்டு மிஷினைச் சோதியுங்கள்” என்று பதில் வருகிறது. ஆகையால் பழுது எங்கேயிருக்கிறது என்று நிச்சயிப்பதே முதற்காரியம் என்பது நமது அபிப்பிராயம்.

இன்டர்நெட்டில் குரல் முழுசாகப் போவதில்லை. சாதாரணமாக ஒரு விநாடிப் பேச்சு 50 சிறு பொட்டலங்களாக நறுக்கப்பட்டு அனுப்பப்படுகிறது. இதற்கு விநாடிக்குச் சுமார் 100 கிலோபிட் வேகமே போதும். கம்பெனியார் விளம்பரம் செய்யும் 50, 100 மெகாபிட் வேகத்தில் இது அற்ப பாகம். வேகத்தைக் காட்டிலும் பொட்டலங்கள் தவறாமலும், ஒரே சீராகவும், உரிய காலத்திலும் வந்து சேருவதே முக்கியம். ஒரு திசைத் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருப்பது நல்லதென்று சர்வதேசத் தந்தித் தொடர்புச் சங்கம் சிபார்சு செய்திருக்கிறது. தவறிய கடிதத்தை மறுபடி அனுப்பலாம். தவறிய சொல்லை அரை விநாடி கழித்து அனுப்பி என்ன பிரயோஜனம்? அதிக வேகத்துக்குப் பணம் கட்டியும் பேச்சு அறுவதன் மர்மம் இதுதான்.

இனி, வீட்டில் செய்யக்கூடிய சோதனைகளைப் பார்ப்போம். முதலில் கம்ப்யூட்டரை ரௌட்டருடன் கேபிள் போட்டு இணைத்துப் பேசவேண்டும். அப்போது பேச்சு அறாவிட்டால், குற்றம் வீட்டுக்குள்ளிருக்கும் வைஃபையினுடையது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அண்டை வீட்டு ரௌட்டர்களும் மைக்ரோவேவ் அடுப்பும் நெருக்கடி செய்யும். ரௌட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து 5 கிகாஹெர்ட்ஸில் பேசினால் பெரும்பாலும் குணமுண்டு. வீட்டில் மற்றவர்கள் சினிமா பார்க்கும்போதோ, போன் தானாகவே படங்களை மேலேற்றும்போதோ மட்டும் அறுந்தால், பொட்டலங்கள் வரிசையில் காத்துக் கிடக்கின்றன என்று அர்த்தம். பேச்சுக்கு முதலிடம் கொடுக்கும் ஏற்பாடு பல ரௌட்டர்களில் உண்டு. கரெண்டு போகும்போது அறுந்தால், ரௌட்டருக்கும் கண்ணாடி இழைப் பெட்டிக்கும் ஒரு சிறு பேட்டரி தேவை.

அறுகிற நேரமும் ஒரு தடயம். ஆபீஸ் டெலிபோன் முறைகளில் ஒவ்வொரு பேச்சும் அரை நிமிஷத்தில் அறுந்தால், பேச்சு தொடங்கியதற்கான ஒப்புதல் மறுபக்கம் போய்ச் சேரவில்லை என்று ஊகிக்கலாம். சரியாகப் பதினைந்து அல்லது முப்பது நிமிஷத்தில் அறுந்தால், இணைப்பைப் புதுப்பிக்கும் செய்தி வழியில் தடைப்படுகிறது என்று கருதலாம். ரௌட்டரில் ‘ஸிப் ஏஎல்ஜி’ என்ற அமைப்பை நிறுத்திவிட்டால் இவ்விரண்டும் பல சமயங்களில் தீரும். காலக்கணக்கின்றி அறுந்தால், ஒரே சமயத்தில் ரௌட்டருக்கும் வெளியூர் ஸர்வருக்கும் ‘பிங்’ அனுப்பிப் பார்க்கவேண்டும். ரௌட்டர் ஒழுங்காகப் பதில் சொல்லி, பல வெளி ஸர்வர்களின் பதில் மட்டும் தவறினால், குற்றம் வீட்டு வாசலுக்கு அப்பால் இருக்கிறது. தேதி, நேரம், கேபிளா வைஃபையா, கரெண்டு இருந்ததா என்று ஒரு வாரம் நோட்டில் குறித்து வைப்பது அவசியம்.

இந்த நோட்டு ஏன் அவசியம்? மொபைல் பேச்சு ஒன்று அறுந்தால் சந்தாதாரருக்கு 1 ரூபாய், நாளொன்றுக்கு மூன்று தடவை வரை, ஈடாகக் கொடுக்கவேண்டுமென்று 2015 அக்டோபரில் டிராய் ஸ்தாபனம் விதி செய்தது. 2016 மே 11ஆந் தேதி சுப்ரீம் கோர்ட் அவ்விதியை ரத்து செய்துவிட்டது. பேச்சு அறுவதற்குச் சந்தாதாரரும் காரணமாக இருக்கலாம். குற்றம் யாருடையதென்று பாராமல் கம்பெனியாரைத் தண்டிப்பது நியாயமன்று என்பது தீர்ப்பின் ஆதாரங்களில் ஒன்று. நல்லது. அந்த நியாயம் இரு தரப்புக்கும் பொருந்தவேண்டும். தன் வீட்டில் குற்றமில்லையென்று சந்தாதாரர் காட்டிவிட்ட பிறகு, கம்பெனியார் எந்த வாயால் அவரை மறுபடியும் ரௌட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள்?

சட்டத்தில் இன்னொரு குறையும் உண்டு. மொபைல் பேச்சு அறுவதற்குக் கணக்கும் வரம்பும் இருக்கின்றன. இன்டர்நெட் செயலிகள் வழியே பேசும் பேச்சு அக்கணக்கில் சேர்வதில்லை. எனினும், 2024ஆம் வருஷத்து டிராய் விதிகள் தாமதம், தள்ளாட்டம், பொட்டல நஷ்டம் ஆகியவற்றையும் அளக்கச் சொல்கின்றன. இதை நாம் வரவேற்கிறோம். ஆனால் மாகாணம் முழுவதற்குமான சராசரி மாரண்டஹள்ளிக்கு மருந்தாகாது. சென்னை நகரத்துச் சுகத்தையும் மலையடிவாரத்துக் கஷ்டத்தையும் கூட்டி வகுத்தால் எல்லாம் சுகமென்றே தெரியும். தாலூகாவாரியாகவும் ஊர்வாரியாகவும் அளவுகளைப் பிரசுரிக்கவேண்டுமென்று நாம் கோருகிறோம்.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. கிராமப் பஞ்சாயத்துகளைக் கண்ணாடி இழையால் இணைக்கும் திட்டத்துக்கு மத்திய சர்க்கார் 2011இல் அனுமதி அளித்தது. அது இன்று பாரத்நெட் எனப்படுகிறது. தமிழ்நாட்டில் 12,525 பஞ்சாயத்துகள் இத்திட்டத்துக்கு உட்பட்டவை. இழை பஞ்சாயத்து ஆபீஸ் சுவரோடு நின்றுவிட்டால் போதாது. வீடுகளுக்கும் வரவேண்டும், அறுந்தால் உடனே ஒட்டவும் ஆளிருக்கவேண்டும். தருமபுரிச் சீமைக்கு இதில் அனுபவமுண்டு. 1906இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு வந்து, பிறகு ஓசூர் வரை நீண்ட சிறு ரயில்பாதை 1941இல் மூடப்பட்டது. பாதை போடுவது ஒன்று. அதைக் காப்பாற்றுவது வேறொன்று. 2020 நவம்பரில் மத்திய சர்க்கார் வீட்டிலிருந்து வேலை செய்வதற்கு இடையூறாக இருந்த விதிகளைத் தளர்த்தியது. விதியைத் தளர்த்திய கை, இழையை இறுக்கிக் கட்டவும் வேண்டாமா?

ஜனங்களும் முணுமுணுத்துக்கொண்டு சும்மாயிருப்பது தகாது. புகார் செய்து நம்பர் பெறுக. தீராவிட்டால் கம்பெனியின் அப்பீல் அதிகாரிக்கு எழுதுக. அதற்கும் பலனில்லையெனில் நுகர்வோர் மன்றம் இருக்கிறது; டெலிகாம் வழக்குகளை அம்மன்றங்கள் விசாரிக்கலாமென்று 2022 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் ஊர்ஜிதம் செய்துவிட்டது. ஒரு தெருவில் பத்து வீட்டார் பத்து நோட்டுகளுடன் சேர்ந்து கேட்டால், அக்குரலை எந்தக் கம்பெனியும் பாதியில் அறுத்துவிட முடியாது.