நாளொரு மில்லிமீட்டர்

ஆவுடையார்கோவில் கொடுங்கையை அண்ணாந்து பார்த்து மலைக்காதவர் யார்? மரச் சட்டமும் கம்பியும் ஆணியும் கல்லிலேயே அல்லவா இழைத்திருக்கிறார்கள்! அந்தச் சிற்பிகளுக்குக் கைப்பலம் மட்டும் இருந்தால் போதுமா? கல் எங்கே மெலிகிறது என்று விரல் நுனி சொல்ல வேண்டாமா? சொல்வது நரம்பு. சோறு பதமா என்று நீங்கள் நசுக்கிப் பார்ப்பதும் அதன் தயவால்தான்.

அந்த நரம்பு செத்தால்? 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு இதை எடுத்துக் காட்டினார். தொழுநோயாளியின் விரல் தானாக அழுகி விழுவதில்லை. சுட்டாலும் வெட்டினாலும் தெரியாததால், புண்ணின்மேல் புண்பட்டே தேய்கிறது. வலியும் ஒரு வரந்தான்!

அறுந்த நரம்பைத் தைத்தால் மறுபடி வளரும். ஆனால் நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான்! மணிக்கட்டிலிருந்து விரல் நுனியை எட்ட ஆறேழு மாதம். முழங்கைக்கு மேலே அறுந்தால் ஒரு வருஷத்துக்கும் அதிகம். அதற்குள் தசை சூம்பிப் போய்விடலாம்.

இந்த ஆமை நடையைத் துரிதப்படுத்த முடியுமா? இத்தாலியில் 1938-ல் யூதர்களுக்கு எதிராக வந்த சட்டத்தால் வேலை இழந்த ரீட்டா லெவி-மொன்டால்சினி என்ற பெண்மணி, படுக்கையறையையே ஆராய்ச்சிச் சாலையாக்கிக்கொண்டார். தையல் ஊசியைத் தீட்டிக் கருவியாக்கி, கோழி முட்டைக் கருவின் நரம்புகளை ஆராய்ந்தார். பின்னர் அமெரிக்காவில், 1950-களில், நரம்பிழைகளைத் தளிர்க்கச் செய்யும் ஒரு புரதத்தைக் கண்டார். அதுவே நரம்பு வளர்ச்சிக் காரணி. அதைப் பிரித்தெடுக்க உதவிய ஸ்டான்லி கோஹனுடன் 1986-ல் நோபல் பரிசு பெற்றார். இப்படிப்பட்ட காரணிகள் வேறு சிலவும் பிறகு தெரிய வந்தன.

அப்படியானால் ஊசியில் ஏற்றிக் கொடுத்துவிடலாமே என்பீர்கள். அங்கேதான் சங்கடம்! நீரிழிவால் நரம்பு கெட்டவர்களுக்கு ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். 2000-ல் வெளியான பெரிய பரிசோதனையின் முடிவு ஏமாற்றமே. ஊசி போட்ட இடத்தில் வலிதான் மிச்சம். இந்தப் புரதம் உடலில் வெகுநேரம் தங்காது. வேண்டிய இடத்தில் மட்டும், சிறுகச் சிறுகக் கிடைக்க வேண்டும். அதற்காகக் காரணியை மெல்லக் கசியவிடும் நுண்குழாய்களை ஆராய்கிறார்கள். கருவிழியின் நரம்புக் கோளாறுக்கு மட்டும், சொட்டு மருந்தாக, 2018-ல் அமெரிக்கா அனுமதித்தது.

ஆகவே, "ஊசி போட்டு அறுந்த நரம்பை வளர்க்கிறோம்" என்று யாரேனும் பணம் கேட்டால் ஏமாறாதீர்கள். அரிவாள்மனையோ கண்ணாடியோ மணிக்கட்டில் பட்டு, விரல் மரத்துப்போனாலும் மடக்க வராவிட்டாலும், காயம் சிறிதுதானே என்று மஞ்சளை அப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் நடக்கிற நரம்புக்கு, நாம் வீணாக்கும் ஒவ்வொரு நாளும் பெரிய நஷ்டம்.