சும்மா நிக்கிறது குத்தமா?

"இங்க என்ன பண்றீங்க?"

"சும்மாதான் சார்."

இந்தக் கேள்வியும் பதிலும் உங்களுக்கும் நடந்திருக்கும். போன செமஸ்டர் எக்ஸாம் சமயத்தில் எங்களுக்கு நடந்தது. ராத்திரி பதினோரு மணி. காலேஜுக்கு எதிரே இருக்கும் டீக்கடையை மூடிவிட்டார்கள். படியில் நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். நாங்கள் மூன்று பேர் ஹாஸ்டல். நாலாவது, எங்கள் மெஸ்ஸில் வேலை பார்க்கும் பையன். பீகார்க்காரன், எங்கள் வயசுதான்.

ரோந்து ஜீப் வந்து நின்றது. எங்களிடம், "ஐடி கார்டு இருக்கா தம்பி? சரி, போய்ப் படிங்க." அவனிடம், "நீ யார்ரா? ஆதார் எங்க?" ஆதார் ரூமில் இருந்தது. அவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். காலையில் மெஸ் கான்ட்ராக்டர் போய்க் கூட்டிவந்தார். கேஸ் எதுவும் இல்லை, "சும்மா விசாரிச்சோம்" என்றார்களாம்.

நாலு பேரும் செய்தது ஒன்றுதான். அப்புறம் எப்படி மூன்று பேர் "தம்பி", ஒருத்தன் மட்டும் "டேய்"?

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 109-வது பிரிவு, 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 128-வது பிரிவு. ஒருவர் குற்றம் செய்யும் நோக்கத்தோடு தன்னை மறைத்துக்கொள்கிறார் என்று தகவல் வந்தால், நிர்வாக நடுவர் அவரிடம் ஒரு வருஷம் வரைக்கும் நன்னடத்தைப் பிணை கேட்கலாம். கவனிங்க, "தன்னை மறைத்துக்கொள்வது" வேண்டும். டீக்கடை வாசலில் லைட் வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்பது இதில் வராது. ஆனால் தெருவில் இந்த வித்தியாசத்தை யார் பார்க்கிறார்கள்? அங்கே இதற்குப் பெயர் "சந்தேகக் கேஸ்". சந்தேகப்படுவதற்கு உங்கள் முகமும், சட்டையும், பேச்சும் போதும்.

'விசாரணை' படம் பார்த்திருப்பீங்க. குண்டூரில் பார்க்கில் தூங்கும் தமிழ்த் தொழிலாளிகளைப் போலீஸ் பிடித்துப் போகும். மு. சந்திரகுமார் தன் சொந்த அனுபவத்தை வைத்து எழுதிய 'லாக்கப்' நாவல்தான் அதற்கு மூலம். அங்கே நம்ம ஆட்கள் வெளியூர்க்காரர்கள். இங்கே அந்த இடத்தில் என் மெஸ் நண்பன் இருக்கிறான். அந்தப் படத்துக்குக் கண்கலங்கிய நாம்தான் இதை "செக் பண்ணத்தான செய்வாங்க" என்று கடந்து போகிறோம்.

இது நமக்குப் புதிதும் இல்லை. 1871-இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த குற்றப் பழங்குடிகள் சட்டத்தை, நம் தாத்தாக்கள் 'ரேகைச் சட்டம்' என்றார்கள். பிறந்த சாதியே குற்றத்துக்கு ஆதாரம். பிரமலைக் கள்ளர் ஆண்கள் ராத்திரியில் போலீஸ் காவலில் போய்ப் படுக்க வேண்டியிருந்தது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3-இல் துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்தச் சட்டம் 1952-இல் நாடு முழுக்க ஒழிந்தது. "ராத்திரியில உனக்கு இங்க என்ன வேலை?" என்ற கேள்வி மட்டும் ஒழியவில்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். சிகாகோ நகரம் 1992-இல் ஒரு உள்ளூர்ச் சட்டம் போட்டது. ரவுடிக் கும்பலைச் சேர்ந்தவர் என்று போலீஸ் நினைக்கும் ஒருவர் இன்னொருவரோடு, வெளியே தெரிகிற நோக்கம் இல்லாமல் ஓரிடத்தில் நின்றால், கலைந்து போகச் சொல்லலாம். போகவில்லை என்றால் கைது. மூன்று வருஷத்தில் 42,000-க்கும் மேற்பட்ட கைதுகள். 1999-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஸ்டேடியம் வாசலில் நிற்பவர் திருட நிற்கிறாரா, பேஸ்பால் வீரர் சாமி சோசாவைப் பார்க்க நிற்கிறாரா என்ற வித்தியாசமே அந்தச் சட்டத்துக்குத் தெரியவில்லை என்று தீர்ப்பு சுட்டிக்காட்டியது. சேப்பாக்கம் வாசலில் தோனிக்காக நின்ற எல்லாருக்கும் இது புரியும்.

"எந்த வேலையும் இல்லாம பஸ் ஸ்டாண்டில் நின்னு பொண்ணுங்களைத் தொந்தரவு பண்றவனை என்ன செய்யறது?" என்று என் கிளாஸ்மேட் ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் அவன் செய்யும் குற்றம் நிற்பது இல்லை, தொந்தரவு செய்வது. அதற்குத் தமிழ்நாட்டில் 1998-இலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. பின்தொடர்வதும் தனிக் குற்றம். செயலுக்குப் பெயர் வைத்து, அதைத் தண்டியுங்கள். எக்ஸாமில் "சந்தேகமா இருக்கு" என்று எழுதினால் மார்க் தருவார்களா?

இன்னொன்று. "சும்மா நிக்காதே" என்பதை அதிகம் கேட்பதும் அவள்தான். அவள் ஹாஸ்டலில் ஆறரைக்கே கேட் மூடுகிறது. எங்களுக்கு அந்த டீக்கடைப் படியாவது கிடைத்தது. 'ஒய் லாய்ட்டர்?' என்று மும்பைப் பெண்கள் பற்றி 2011-இல் வந்த புத்தகம் இதைத்தான் பேசுகிறது: காரணம் சொல்லாமல் வெளியே இருப்பதும் பெண்ணின் உரிமை.

தனியார் இடம் வேறு. கடைக்காரர், மால்காரர் போகச் சொன்னால் போய்விட வேண்டியதுதான், அது அவர் இடம். ஆனால் ரோடும், பார்க்கும், பீச்சும் நம் எல்லாருடையது. அங்கே நிற்க யாரும் காரணம் சொல்லத் தேவையில்லை.

சட்டத்தை மாற்றுவது நம் கையில் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அன்றைக்கு எங்களால் ஒரு வரி சொல்லியிருக்க முடியும்: "சார், இவனும் எங்ககூடத்தான் வந்தான்." மூன்று பேரும் ஐடி கார்டைப் பையில் வைத்துக்கொண்டு பேசாமல் கேட்டுக்குள் வந்துவிட்டோம்.

அவன் இப்போதும் மெஸ்ஸில் சிரித்துக்கொண்டேதான் சாம்பார் ஊற்றுகிறான். டீ குடிக்கக் கூப்பிட்டால் மட்டும் வருவதில்லை. உங்களுக்கு அந்த ஜீப் வந்து நிற்கும்போது, அந்த ஒரு வரியைச் சொல்லிடுங்க.